தரிசனத்துக்கும் ரயிலுக்கும் நடுவே

காலை பத்து மணிக்கே தரிசனம் முடிந்துவிட்டது. கையில் லட்டுப் பை. மொட்டை போட்ட பிள்ளைகளின் தலையில் சந்தனம் காயத் தொடங்கியிருக்கிறது. அறையைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போகிறார். சென்னைக்குத் திரும்பும் சப்தகிரி எக்ஸ்பிரஸோ மாலையில்தான். நடுவில் கிடைக்கும் ஏழெட்டு மணி நேரத்தில், தமிழ்நாட்டிலிருந்து போகும் குடும்பங்கள் கீழே இறங்கி கோவிந்தராஜரைச் சேவிக்கும், திருச்சானூரில் தாயாரைப் பார்க்கும், பிறகு ரயில் நிலையத்தில் துண்டை விரித்துப் படுத்துவிடும்.

மத்தியதரைக் கடலில் உள்ள கிரீட், மால்டா, சைப்ரஸ் போன்ற தீவுகளுக்கு விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. இன்று படகு, நாளை மலையிடுக்கு நடை, மறுநாள் பழைய கோட்டை என்று தங்குமிடத்திலேயே பட்டியலை நீட்டிவிடுவார்கள். திருப்பதியில் அப்படி யாரும் நீட்டுவதில்லை. ஆனால் பட்டியலுக்கு வேண்டிய சரக்கு எல்லாம் இங்கேயும் இருக்கிறது. அருவிகள் உண்டு, கோட்டை உண்டு, கோடைக்கு ஏற்ற மலை உண்டு, பூநாரைகள் இறங்கும் ஏரி உண்டு. தேடிப் பார்த்தால் ஒரு தீவும் உண்டு. ஒரு நிபந்தனைதான்: எதை எப்போது பார்க்கலாம் என்பதை இங்கே மழையும் காடும் முடிவு செய்கின்றன.

படியேறும் இரண்டு வழிகள்

மலையேற்றம் என்ற சொல்லைக் கேட்டதும் முதுகுப் பையும் கயிறும் நினைவுக்கு வரலாம். திருமலைக்கு வரும் ஆயிரக்கணக்கானோர் அன்றாடம் வெறுங்காலோடு செய்வதும் மலையேற்றம்தான். முதல் மலைச்சாலை 1944-இல் திறக்கும்வரை நடையோ டோலியோதான் வழி. இன்றும் இரண்டு படிப்பாதைகள் இருக்கின்றன.

பெயர் பெற்றது அலிபிரி வழி. ஏறத்தாழ 3,550 படிகள். நிதானமாக ஏறுகிறவர்களுக்கு மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். மலையடிவாரத்துப் புளியமரத்தைக் குறித்த ‘அடிப்புளி’ என்ற தமிழ்ச் சொல்தான் அலிபிரி என்று மருவியது என்பார்கள். கீழே தேவஸ்தான கவுண்டரில் மூட்டை முடிச்சுகளை ஒப்படைத்தால் இலவசமாக மேலே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். காலி கோபுரம் வரைக்கும் மூச்சு வாங்கும். பாதிக்கு மேற்பட்ட படிகள் அதற்குள் முடிந்துவிடுகின்றன. பிறகு பாதை சமதளத்துக்கு வருகிறது. மான்களைப் பார்த்தபடி நடக்கலாம். முடிவுக்குச் சற்று முன்னால் மறுபடி செங்குத்தாக நிமிரும் ஏற்றத்துக்குத் தமிழில் ‘முழங்கால் முறிச்சான்’ என்று பெயர். புனிதமான இந்த மலையில் கால் பட வேண்டாம் என்று ராமானுஜர் முழங்காலாலேயே ஏறினார் என்பது வைணவ மரபு. படிகளைப் பார்த்தால் பெயர் வைத்தவர் மிகைப்படுத்தவில்லை என்று தெரியும்.

அவசரக்காரர்களுக்கு ஸ்ரீவாரி மெட்டு. தெலுங்கில் மெட்டு என்றால் படி. சந்திரகிரிப் பக்கம் ஸ்ரீநிவாச மங்காபுரத்துக்கு அருகில் தொடங்கும் இந்த வழியில் 2,388 படிகள்தான். தூரம் இரண்டு கிலோமீட்டர் சொச்சம். பழகிய கால்கள் ஒன்றரை மணி நேரத்தில் மேலே போய்விடும். சந்திரகிரியில் இருந்த விஜயநகர மன்னர்கள் இவ்வழியாகத்தான் பெருமாளைச் சேவிக்கப் போனார்கள் என்று சொல்லப்படுகிறது. 2021 நவம்பர் பெருமழையில் பாறைகள் உருண்டு படிகள் பெயர்ந்துபோக, பாதையைச் சீர் செய்து மறுபடி திறக்க 2022 மே ஆகிவிட்டது.

இந்தப் பாதைகள் காட்டுக்குள் போகின்றன என்பதைக் கூட்டத்தின் நடுவே மறந்துவிடுவது எளிது. 2023 ஆகஸ்டில் அலிபிரி வழியில் பெற்றோருடன் ஏறிக்கொண்டிருந்த ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அதன் பின்னர் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பிற்பகல் 2 மணிக்கு மேல் படியேற விடுவதில்லை என்று தேவஸ்தானம் முடிவு செய்தது. நடந்து போகிறவர்கள் கையில் ஆளுக்கொரு தடியும் கொடுத்தார்கள். குழந்தையோடு போகிறவர்கள் விடிகாலையில் தொடங்குவதும், கூட்டத்தை விட்டுப் பிரியாமல் இருப்பதும் நல்லது.

எண்பது கோடி ஆண்டு இடைவெளி

பேருந்தில் போனாலும் பார்க்க ஒன்று இருக்கிறது, பெரும்பாலோர் தூங்கிவிடுகிறார்கள். மலைச்சாலையின் ஓரத்தில் பாறை வெட்டுண்டு நிற்கும் இடத்தில் அடியில் ஒரு வகைப் பாறையும் மேலே வேறொரு வகைப் பாறையும் தெரியும். அடியில் உள்ளது பழைய கருங்கல். மேலே அடுக்கடுக்காகப் படிந்திருப்பது நகரி குவார்ட்சைட். ஆதியில் நீருக்கடியில் படிந்த மணல் இறுகிக் கல்லானது. இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஆனால் இவற்றின் வயதுக்கு இடையே ஏறத்தாழ 80 கோடி ஆண்டு வித்தியாசம்.

அந்த நீண்ட காலத்தில் படிந்தது எதுவானாலும் மேல் அடுக்கு வருவதற்குள் அரித்துப் போய்விட்டது. பாட்டன் கட்டிய கடைக்கால்மேல் பேரன் வீடு எழுப்பியது போல. நடுவில் யார் குடியிருந்தார்கள் என்பதற்குத் தடயம் இல்லை. புவியியலாளர்கள் இதை எபார்க்கியன் இடைமுறிவு என்று அழைக்கிறார்கள். இந்தியப் புவியியல் ஆய்வு மையம் 2001-இல் இதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்தது.

அதே குவார்ட்சைட்டைக் காற்றும் நீரும் குடைந்ததில் உருவானதுதான் திருமலைக் கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்தில் நிற்கும் சிலாதோரணம். சுமார் 8 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட இயற்கைக் கல் வளைவு. சுற்றிலும் பூங்கா அமைத்திருக்கிறார்கள். படம் எடுத்துக்கொள்ளக் கூட்டம் கூடும். சங்கு, சக்கரம் தெரிகிறதா என்று பாறையில் தேடும் கூட்டமும் அங்கேயே நிற்கும்.

பௌர்ணமிக்குத் திறக்கும் காடு

கோயிலுக்கு வடக்கே போகும் சாலையில் ஆகாச கங்கையும் பாபவிநாசமும் இருக்கின்றன. ராமானுஜரின் தாய்மாமனான திருமலை நம்பி, பெருமாள் திருமஞ்சனத்துக்கு நாள்தோறும் பாபவிநாசத்திலிருந்து குடத்தில் நீர் சுமந்துவந்தாராம். ஒருநாள் வேடுவச் சிறுவனாக வந்த பெருமாள், “தாத்தா, தண்ணீர்!” என்று கேட்டுக் குடத்து நீரைக் குடித்துத் தீர்த்துவிட்டு, அதற்கு ஈடாக மலையில் அம்பெய்து கிளப்பிய ஊற்றே ஆகாச கங்கை என்பது கதை. முதியவரின் நடை பாதியாகக் குறைந்தது. இன்று ஜீப்புகள் அரைமணியில் இரண்டையும் காட்டிவிடுகின்றன. அங்கே சாலை முடிகிறது. காடு அங்கேதான் தொடங்குகிறது.

சேஷாசலக் காட்டுக்குள் இருக்கும் தீர்த்தங்களுக்கு ஆண்டில் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் யாத்திரிகர்களை விடுகிறார்கள். அந்த நாளுக்கு முக்கோடி என்று பெயர். மூன்று கோடித் தீர்த்தங்களும் அன்று அங்கே கூடுவதாக நம்பிக்கை. தைப் பௌர்ணமிக்கு ராமகிருஷ்ண தீர்த்தம், மாசிப் பௌர்ணமிக்குக் குமாரதாரை, பங்குனிப் பௌர்ணமிக்குத் தும்புரு தீர்த்தம். மூன்றிலும் மலையேறிகள் மனம் பறிகொடுப்பது தும்புருவிடம்தான். பாபவிநாசத்திலிருந்து ஆறேழு கிலோமீட்டர் கல்லும் வேருமாகக் கிடக்கும் தடத்தில் நடந்தால், மலை இரண்டாகப் பிளந்து நிற்கும் இடுக்கு வரும். இரு பக்கமும் பாறைச் சுவர், நடுவே நீர். இடுப்பளவு நீரில் ஒருவர் பின் ஒருவராக இடுக்குக்குள் போய் தீர்த்தமாடித் திரும்புவார்கள்.

அன்று வழியெங்கும் தேவஸ்தானம் அன்னமும் குடிநீரும் வைத்திருக்கும், ஆம்புலன்ஸ் காத்திருக்கும். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் வரவேண்டாம் என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். கிரீட் தீவின் புகழ்பெற்ற சமாரியா மலையிடுக்கிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். 16 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த நடைபாதை மே முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். மழை வந்தால் இடையிலும் மூடிவிடுவார்கள். அங்கே பருவம் பார்க்கிறார்கள். இங்கே திதி பார்க்கிறார்கள்.

மற்ற நாட்களில் அனுமதியில்லாமல் நுழைவது ஆபத்து. விலங்குகள் மட்டும் காரணமில்லை. உலகில் இயற்கையாகச் செம்மரம் வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்பகுதியில்தான். அதை வெட்டிக் கடத்தும் கும்பல்களைப் பிடிக்கத் தனிப்படையே இயங்குகிறது. 2015 ஏப்ரல் 7 அன்று இந்தக் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டதில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் இறந்ததைத் திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்தார் மறக்கவில்லை. வழி தெரிந்த ஆள் என்று சொல்லிக்கொண்டு யாராவது பின்வாசல் வழியாகக் காட்டுக்குள் அழைத்துப்போக முன்வந்தால் மறுத்துவிடுவதே சரி.

353 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஸ்ரீ வேங்கடேசுவரா தேசியப் பூங்காவும் அதைச் சூழ்ந்த சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமும் தேவாங்கு, செந்நாய், கடமான், நாற்கொம்பு மான் ஆகியவற்றின் இருப்பிடம். உள்ளூர்க்காரர்கள் பெருமையோடு சொல்வது ‘பங்காரு பல்லி’யைப் பற்றி. நீர்க்கசிவுள்ள பாறை இடுக்குகளில் வாழும் பொன்னிறப் பல்லி இது. 1870-இல் பெட்டோம் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்த இனத்தை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியதே திருப்பதி மலையிலிருந்துதான். பகலில் இடுக்குக்குள் பதுங்கிவிடும். இரவில் அதன் குரல்தான் கேட்கும்.

கோனைகள்

இந்தப் பக்கத்து ஊர்ப்பெயர்களில் ‘கோன’ என்று வந்தால் மலையிடுக்கு, பள்ளத்தாக்கு என்று பொருள். அங்கே பெரும்பாலும் ஓர் அருவி இருக்கும். திருப்பதியை விட்டு நகராமலே பார்க்கக் கூடியது கபில தீர்த்தம்: மலையிலிருந்து நேராகச் சிவன் கோயில் குளத்தில் விழும் அருவி. ஐப்பசி, கார்த்திகை மழையில் கொட்டும். சித்திரையில் போனால் பாறையில் ஈரக்கோடு மட்டும் தெரியும்.

தலகோனா பெரிய உருப்படி. திருப்பதியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் போல. 270 அடி உயரத்திலிருந்து விழும் இதுவே ஆந்திரத்தில் மிக உயரமான அருவி. கீழே சித்தேசுவரர் கோயில். அங்கிருந்து அருவிக்கு நடந்துபோகும் வழியில் மரத்துக்கு மரம் தாவிச் செல்லும் ராட்சதக் கொடியைப் பார்க்காமல் விடக்கூடாது. தெலுங்கில் ‘கில்ல தீக’. அதன் காய்கள் ஒருவர் கைநீளத்துக்குத் தொங்கும். மரங்களின் உச்சிக்கு நடுவே கட்டிய கயிற்றுப் பாலத்தில் ஆடி ஆடி நடப்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். வனத்துறையும் ஊராரும் சேர்ந்த குழு இங்கே சூழல் சுற்றுலாவை நடத்துகிறது. தங்கவும் இடம் உண்டு. ஒரு நாளை முழுதாக ஒதுக்கினால்தான் தலகோனாவுக்கு நியாயம் செய்ய முடியும்.

சென்னைக்குத் திரும்பும் வழியில் காரில் வருகிறவர்களுக்கு ஏற்றது கைலாசகோனா. புத்தூரைத் தாண்டி, பத்மாவதித் தாயாரின் ஊர் என்று சொல்லப்படும் நாராயணவனத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆண்டு முழுதும் நீர் விழுவதால் கோடையிலும் ஏமாற்றாது. இன்னும் கொஞ்சம் தெற்கே, கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாம்பாவின் பெயரில் அமைத்த நாகலாபுரம். வேதநாராயணர் கோயிலுக்கு வருகிறவர்கள் ஒரு வகை. பக்கத்து மலைக்குள் ஓடையைப் பிடித்துக்கொண்டு மடு மடுவாக ஏறுகிற சென்னை இளைஞர்கள் இன்னொரு வகை. தடா அருவி என்று சென்னையில் அறியப்படும் உப்பலமடுகும் இதே கூட்டத்தை இழுக்கிறது.

தெலுங்கு ‘மடுகு’ நம் ‘மடு’தான். மேலே தெளிந்த நீர், அடியில் ஆழம் தெரியாத பள்ளம். நீச்சல் தெரியாதவர்களும், தெரிந்தும் பாறையிலிருந்து தலைகீழாகக் குதித்தவர்களும் இந்த மடுக்களில் உயிர் விட்டிருக்கிறார்கள். அருவிக்குக் கீழே குளிப்பது வேறு, மடுவில் இறங்குவது வேறு. மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே ஓடை பெருகிவிடும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். கால் பிசகினால் புத்தூர் கட்டு பக்கத்திலேயே இருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். எலும்புக் கட்டுக்குப் பெயர் பெற்ற புத்தூர் இதே சாலையில்தான் வருகிறது.

வேலூர், பெங்களூர்ப் பக்கத்திலிருந்து சித்தூர் வழியாக வருகிறவர்கள் பலமனேருக்கு அருகில் கைகல் அருவியைப் பார்க்கலாம். அது கௌண்டின்யா சரணாலயப் பகுதி. நெடுங்காலம் யானையே இல்லாதிருந்த இந்தக் காட்டுக்கு 1980-களில் ஓசூர்ப் பக்கத்திலிருந்து யானைகள் வந்து சேர்ந்தன. 1990-இல் சரணாலயம் அமைந்தது. இருட்டுவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று உள்ளூர்க்காரர்கள் சொன்னால் காரணம் அதுதான்.

கோட்டையும் குளிர்மலையும்

அரை நாள்தான் கையில் இருக்கிறது என்றால் சந்திரகிரி போதும். திருப்பதியிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் அளவு. பேருந்துகள் ஓடிக்கொண்டே இருக்கும். தலைக்கோட்டைப் போருக்குப் பின் பெனுகொண்டாவுக்கு ஒதுங்கிய விஜயநகர அரசு, பிற்பாடு சந்திரகிரிக்கு இடம் மாறியது. 1639-இல் ஆங்கிலேயக் கம்பெனிக்குக் கோட்டை கட்டிக்கொள்ளக் கடலோர மணல்வெளி ஒன்றைக் கொடுத்த தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் சந்திரகிரி அரசருக்குக் கட்டுப்பட்டவர். அந்த மணல்வெளிதான் சென்னை. ஆக, சென்னைவாசிகளுக்கு இது ஒருவகையில் தாய்ப் பத்திரம் கிடந்த ஊர்.

மூன்று அடுக்கு ராஜ மகால் இப்போது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம், வெள்ளிக்கிழமை விடுமுறை. பக்கத்தில் ராணி மகால். பின்னால் பாறைக்குன்று. மதிலின் மிச்சங்களைத் தொடர்ந்து ஏறிப் பார்த்தால் பள்ளத்தாக்கு முழுதும் விரியும்.

இரண்டு நாள் கூடுதலாக இருந்தால் மதனப்பள்ளிப் பக்கம் போகலாம். தாகூர் 1919-இல் அங்குள்ள கல்லூரியில் தங்கியிருந்தபோதுதான் ‘ஜன கண மன’வை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் ஹார்ஸ்லி மலை. உயரம் ஏறத்தாழ 1,265 மீட்டர். கடப்பை கலெக்டராக இருந்த ஹார்ஸ்லி 1870 வாக்கில் இங்கே பங்களா கட்டிக்கொண்டார், மலைக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்கு முன் இது ஏனுகு மல்லம்மா கொண்டா. யானைகள் வளர்த்ததாகச் சொல்லப்படும் மல்லம்மா என்ற சிறுமியின் பெயர். அவளுக்குக் கோயிலும் மலைமேல் இருக்கிறது. கயிறு கட்டிப் பாறையில் இறங்குவது, பிளாஸ்டிக் பந்துக்குள் புகுந்து உருள்வது போன்ற விளையாட்டுகளும் உண்டு. காலையில் எழுந்து நடக்கத் தயாரானவர்களுக்கு மஞ்சள் தொண்டைச் சின்னான் கண்ணில் படலாம். தென்னிந்தியப் பாறைக் குன்றுகளை விட்டு வேறெங்கும் வாழாத பறவை அது.

ஒரு தீவும் உண்டு

2022 ஏப்ரலில் ஆந்திரம் மாவட்டங்களைப் பிரித்தபோது திருப்பதி தனி மாவட்டம் ஆனது. நெல்லூரிடமிருந்து சூலூர்பேட்டை இதனுடன் சேர்ந்தது. ஏழுமலையான் மாவட்டத்துக்கு அப்படித்தான் கடற்கரை கிடைத்தது. பழவேற்காடு ஏரியும், ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீளும் ஸ்ரீஹரிகோட்டா தீவும் கிடைத்தன.

ஒடிஷாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில்தான் கிடக்கிறது. சூலூர்பேட்டையிலிருந்து தீவுக்குப் போகும் சாலை ஏரியைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போகிறது. கார்த்திகை தொடங்கி மாசி வரை அந்தச் சாலையில் நின்றாலே இரு பக்கமும் ஆழமில்லாத நீரில் பூநாரைகள் வரிசையாகத் தெரியும். பக்கத்திலேயே நேலப்பட்டு சரணாலயம். வேடந்தாங்கல் போலச் சின்ன இடம். நாலரை சதுர கிலோமீட்டர். நீரில் நிற்கும் கடம்ப மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். இந்தப் பறவைகளை முன்னிட்டு 2001 முதல் சூலூர்பேட்டையில் பூநாரைத் திருவிழா நடத்துகிறார்கள். சில ஆண்டுகள் நின்றுபோய், 2025 ஜனவரியில் மறுபடி நடந்தது. சென்னை சென்ட்ரலிலிருந்து புறநகர் மின்ரயிலிலேயே சூலூர்பேட்டைக்கு வந்துவிடலாம். படகில் போகிறவர்கள் உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஏறக் கூடாது. 2011 டிசம்பர் 25 அன்று ஏரியின் தமிழ்நாட்டுக் கரையில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்.

தீவுக்குள் பொதுமக்கள் நினைத்த நேரத்தில் போக முடியாது. அது சதீஷ் தவான் விண்வெளி மையம். ஆனால் 2019 முதல் ராக்கெட் ஏவும் நாட்களில் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பார்க்க விடுகிறார்கள். இஸ்ரோ இணையதளத்தில் முன்பதிவு திறந்ததும் இடங்கள் விரைவில் தீர்ந்துவிடும். அடையாள அட்டை அவசியம்.

ஒவ்வொரு பெரிய ஏவுதலுக்கும் முன்னால் ராக்கெட்டின் சிறு மாதிரியோடு இஸ்ரோ விஞ்ஞானிகள் திருமலைக்குப் போய்ப் பெருமாள் முன் வைத்து வணங்கித் திரும்புவது வழக்கம். 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 கிளம்புவதற்கு முதல்நாளும் போனார்கள். மறுநாள் பிற்பகல் 2:35-க்கு அது எழும்பியபோது மாடத்தில் ஆயிரக்கணக்கானோர் அண்ணாந்து நின்றார்கள்.